அந்தோணியம்மாள் வண்டியின் சத்தம்

பங்குனி பிறந்து நாலாவது நாள் காலை ஒன்பதரை மணி வாக்கில், பத்தமடை பஸ் நிறுத்தத்தில், அந்தோணியம்மாளின் வண்டி அவள் முறுக்காமலே முன்னால் பாய்ந்தது.

அம்பாசமுத்திரம் போகிற பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு காலைத் தரையில் ஊன்றி அவள் நின்றிருந்தாள். சின்ன மொபெட் வண்டி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, இரும்புச் சட்டம் பற்றவைத்து, அதில் மீன்பெட்டியைக் கட்டியிருந்தாள். அறுவடை முடிந்த வயல்களிலிருந்து வந்த காற்றில் வைக்கோல் தூசி பறந்து கழுத்தெல்லாம் அரித்தது. பிரேக்கிலிருந்து கையை எடுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து வண்டியின் அடியில் கர்ர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. பின்னால் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல வண்டி கிளம்பிவிட்டது.

பஸ்ஸின் பின்படியிலிருந்து ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். தோளில் நாலைந்து மாதக் குழந்தை. அந்தோணியம்மாள் ஹேண்டிலை ஒடித்தாள். வண்டி அந்தப் பெண்ணின் சேலையை உரசிக்கொண்டு போய் சாக்கடைச் சுவரில் முட்டிச் சாய்ந்தது. இடது கையை ஊன்றித் தார்ரோட்டில் விழுந்தாள். பெட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு உருண்டது. அயிலையும் சூடையும் ஐஸ்கட்டியோடு ரோட்டில் பரவின. பின்னால் வந்த வைக்கோல் டிராக்டர்காரன் பிரேக்கில் ஏறி நின்றும் முன்சக்கரம் மீனில் ஒரு பாகத்தை அரைத்த பிறகுதான் டிராக்டர் நின்றது.

பிள்ளைக்காரி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்கும் ஒன்றுமில்லை, தூக்கம் கலைந்த கோபத்தில் வீறிட்டது.

பஸ் நிறுத்தத்திலிருந்து முப்பது தப்படி தள்ளி, மாவு மில்லை ஒட்டித்தான் அலி அஸ்கரின் ஒர்க்‌ஷாப். சத்தம் கேட்டு ஓடிவந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். நோன்பு மாதம் என்பதால் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. விழுந்து கிடந்தவளின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கப் போனான்.

"தொடாத!" என்றாள் அந்தோணியம்மாள். "ஏ அஸ்கர், நீ வேல பாக்கியா, வெளாடுதியா? ரெண்டு தடவ கழத்திப் பூட்டுனியே, எதப் பூட்டுனே? இப்பம் அந்தப் பச்சப் பிள்ள மேல ஏறிருந்தா, நீயா வந்து பதில் சொல்லுவே?"

"யக்கா, மொதல்ல கையக் காட்டுங்க. வீங்குது பாருங்க."

"கையி கெடக்கட்டும். ஊரே கேக்குல்லா இந்தச் சத்தத்த? ஒனக்கு மட்டும் கேக்கலியா?"

கூட்டம் கூடிவிட்டது. எதிர்த்தாற்போல டீக்கடை வைத்திருக்கும் மகாராஜன் கரண்டியோடு வந்து நின்றார்.

"பாயி நோம்பு மயக்கத்துல நட்ட மாத்திப் பூட்டிருப்பான்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அஸ்கரின் முகம் சுண்டிவிட்டது. வண்டியை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு போனான். கடை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"அண்ணாச்சி, எல்லாரும் இங்கனயே நில்லுங்க. ஒங்க கண்ணு முன்னாலதான் கழத்துதேன். நான் பூட்டுனது தப்புன்னா, நாளையிலேருந்து இந்தக் கடையத் தெறக்க மாட்டேன்."

*

அந்தோணியம்மாளுக்கு உவரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். மூன்று வருசத்துக்கு முன்னால்தான் புருசனையும் மகளையும் கூட்டிக்கொண்டு மேலப்பாளையம் குறிச்சியில் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தாள். புருசன் சிலுவை வள்ளத்து எஞ்சின் பார்ப்பதில் பேர்போனவன். ஒரு ஆடி மாதம், கரையேற்றும்போது அலை வள்ளத்தைத் தூக்கி அவன் வலது முழங்காலில் போட்டது. ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக அலைய முடியாமல்தான் இங்கே வந்தார்கள். கால் காப்பாற்றப்பட்டது, மடங்கவில்லை. நீட்டியபடியே நிற்கும் காலோடு வள்ளத்தில் நிற்க முடியாது. மொபெட்டும் ஓட்ட முடியாது.

அவள் ஓட்டப் படித்துக்கொண்டாள். விடியக்காலம் மேலப்பாளையம் மார்க்கெட்டில் லாரி வந்ததும் மீன் எடுத்து, செந்தில்முருகன் கடையில் ஐஸ் உடைத்துப் போட்டு, வெளிச்சம் வரும்போது கிளம்புவாள். தருவை, கோபாலசமுத்திரம், மேலச்செவல், பத்தமடை. ஆற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர்கள். வாய்க்கால் கரையோரமாகத் தெருத்தெருவாகப் போய்விட்டு இரண்டு மணிக்கு வீடு வந்து சேருவாள். கோபாலசமுத்திரத்தில் எந்தத் தெருவுக்குள் ஆரன் அடிக்கக்கூடாது, மேலச்செவலில் எந்த வீட்டுக்காரிக்கு மீனைத் தலை கிள்ளிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஆறே மாதத்தில் அவளுக்குப் பழகிவிட்டது. இரண்டு மணிக்குக் குளித்து, சோறு தின்று, வெறுந்தரையில் ஒரு மணி நேரம் செத்தமாதிரி உறங்குவாள்.

தை மாதக் கடைசியில் வண்டியில் அந்தச் சத்தம் தொடங்கியது. நின்று கிளம்பும்போது கரகரவென்று மண்ணை அரைப்பதுபோல ஒரு சத்தம். ஓடத் தொடங்கினால் அடங்கிவிடும். அஸ்கர் கிளட்ச் மூடியைக் கழற்றிப் பார்த்து, "உள்ள ஒரு வாசர் இல்லையேக்கா" என்று புதிது போட்டுக் கொடுத்தான். பத்து நாள் சத்தமில்லை. மறுபடியும் வந்தது. அப்போது உள்ளே கிளட்ச் கட்டை தேய்ந்திருப்பதாகச் சொல்லி மாற்றினான். அதற்கும் பத்து நாள்தான் கணக்கு. மேலச்செவல் பெண்கள் சிரித்தார்கள். "ஆரனே வேண்டாம் ஒனக்கு. ஒன் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் நாங்க அம்மியில மொளகா வைக்கோம்."

வீட்டில் சிலுவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். தெருமுனையில் அவள் திரும்பும்போதே சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்ப்பான். வண்டியை நிறுத்திவிட்டு அவள் உள்ளே போகும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவளும் அதைக் கவனித்திருக்கிறாள். சோறு கேட்கிறான் என்றுதான் நினைத்தாள்.

*

அஸ்கர் அடியில் தட்டு வைத்து எண்ணெயை இறக்கினான். கிக்கரைக் கழற்றினான். மூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டான். சுத்தியலின் மரப்பிடியால் பைய இரண்டு தட்டுத் தட்ட, மூடி கையோடு வந்தது.

உள்ளேயிருந்து ஒரு கம்பித்துண்டு எண்ணெயில் விழுந்தது.

"ஸ்பிரிங் சுருள் ஒடிஞ்சிருக்கு" என்றான். "இந்தக் கட்ட மூணையும் உள்ளுக்க இழுத்துப் பிடிக்கது இந்தச் சுருளுதான். ஒண்ணு ஒடிஞ்சா கட்ட விரிஞ்சி டிரம்மப் பிடிச்சிரும். நீங்க முறுக்காண்டாம், வண்டி தானா ஓடும்."

"ஒடிஞ்ச சுருள நீதானவே மாட்டுனே?" என்றார் மகாராஜன்.

அஸ்கர் மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த பேக்கிங்கை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே எண்ணெய் கசியாமலிருக்க வைக்கிற வளையத் தாள் அது. பாதி உரித்தவன் அப்படியே நிறுத்தினான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்து, "போங்கவே, வேல இருக்கவிய போங்க. இங்கன என்ன பொம்மலாட்டமா நடக்கு?" என்று கூட்டத்தை விரட்டினான். குரல் மாறியிருந்தது.

ஆட்கள் கலைந்த பிறகு அவள் பக்கத்தில் குத்தவைத்தான்.

"யக்கா, வேற எங்கயும் வேலைக்கு விட்டியளா?"

"நான் எங்க விடுதேன்? ஒன்னிய விட்டா எனக்கு ஆரத் தெரியும்?"

"நான் போட்டது கடையில வாங்குன கறுப்பு பேக்கிங். இது அட்ட. ஆரோ கத்தரியால வெட்டி வச்சிருக்காவ. ஓட்டையப் பாருங்க, ஒண்ணுகூடப் பெசகல. நான் வெட்டுனாலும் இப்பிடி வராது. பழகுன கையி." ஒடிந்த சுருளை எடுத்துக் காட்டினான். "இதப் பாருங்க. கொக்கிகிட்டச் சூடு காட்டி இழுத்து விட்டிருக்கு. சூடு பட்ட எடத்துல கருத்திருக்கு பாருங்க, அங்கனதான் ஒடிஞ்சிருக்கு. ஒடிக்கணும்னு செய்யலக்கா. சத்தம் மட்டும் வரணும்னு செஞ்சாப்பல இருக்கு. மொதத் தடவ வாசரு காணல. அடுத்தாப்ல கட்டயில அரம் போட்டாப்பல கோடு இருந்திச்சி. நாந்தான் சரியாப் பாக்கலியோ, நமக்குத்தான் வேல மறந்துட்டோன்னு எத்தன நாளு ஒறக்கமில்லாமக் கெடந்தேன் தெரியுமா?"

அந்தோணியம்மாள் அந்த அட்டையை வாங்கினாள். எண்ணெயில் ஊறி மரவட்டை நிறத்தில் இருந்தது. விரலால் துடைத்தாள். ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு திராட்சை இலை. அதன் பக்கத்தில், வெட்டியதில் மிஞ்சிய எழுத்துகள்: 'ர்லின்'.

டார்லின். சிலுவையின் தங்கை மகள். மாசி மாதம் உவரியில் கல்யாணம். இந்தக் காலோடு வந்து எல்லார் முன்னாலும் நிற்க முடியாது என்று சிலுவை போகவில்லை. அவனை விட்டுவிட்டு அவளும் போகவில்லை. அந்தக் கல்யாணப் பத்திரிகை அட்டையை அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் அவள்தான் வைத்தாள்.

மத்தியானங்களில் அவன் கையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது நினைவுக்கு வந்தது. கேட்டதற்கு, முழங்காலுக்குத் தேய்த்தேன் என்றான். அவளும் நம்பிவிட்டு, மீதி மண்ணெண்ணெயைத் தனிப் பாட்டிலில் அவனுக்காக எடுத்து வைத்தாள்.

"யக்கா" என்றான் அஸ்கர். "பூட்டிருதேன். புதுச் சுருள் இருக்கு."

"பூட்டாத. பிரிச்சது பிரிச்சபடி ஒரு சாக்குல போட்டுத் தா. புதுச் சுருளையும் வையி."

"வீட்ல சண்ட போட்ராதிய. நான் வாயத் தொறந்து..."

"நீ ஒண்ணும் சொல்லல தம்பி. கார்டு சொல்லிச்சி."

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டார்கள். முறிவு இல்லை, பிசகு. திரும்பி வரும்போது அவள் டீக்கடை முன்னால் நின்றாள். கடை நிறைய ஆள் இருந்தது.

"மகாராஜன் அண்ணாச்சி. பாயி வேலையில ஒரு தப்பும் இல்ல. நாந்தான் வாய் தவறிப் பேசிட்டேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

"பெறவு எதால ஓடிச்சாம்?"

"எங் கெரகத்தால" என்று சொல்லிவிட்டு லோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். பக்கத்தில் வண்டி கட்டிக் கிடந்தது. மடியில் சாக்கு.

*

சிலுவை வாசலில்தான் இருந்தான். ஆட்டோவையும், அதில் மூடியில்லாமல் கிடந்த வண்டியையும், அவள் கைக்கட்டையும் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்தான்.

"ஏளா, கையில என்னளா? விழுந்துட்டியா? எங்கன வச்சி?"

ஆட்டோக்காரன் வண்டியை இறக்கி வைத்துவிட்டுப் போகட்டும் என்று அவள் நின்றாள். பிறகு சாக்கைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தாள். கட்டைகளும் திருகாணிகளும் டிரம்மும் கலகலவென்று விழுந்தன. அட்டை வளையத்தை அவன் கையில் வைத்தாள்.

"இது ஆரு வெட்டுனது?"

அவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான். காலை மடக்க முடியாததால் எப்போதும் பக்கவாட்டில் சரிந்துதான் உட்கார முடியும். அடுத்த வீட்டில் மாவு அரைக்கிற சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒடியும்னு நான் நெனக்கல" என்றான்.

"பெறவு என்னத்த நெனச்சிய?"

"சத்தம் வரும். அவ்வளவுதான்."

"சத்தம் வந்தா?"

அவன் தெருவைப் பார்த்தான். "வந்தா... நீ எங்கிட்ட கேப்பேன்னு."

"என்ன கேப்பேன்னு?"

"'இது என்ன சத்தம், கொஞ்சம் பாருங்க'ன்னு. ஒரு வார்த்த. நீ கேக்கல. நேரா கொண்டு போயி பத்தமடையில விட்டே. சரி, அடுத்தாப்ல கேப்பேன்னு மறுபடி செஞ்சேன். அப்பமும் அங்கதான் போனே. வீட்ல ஒருத்தன் இருக்கான், அவனுக்கு எஞ்சின் தெரியும்னு ஒனக்குத் தோணவே இல்லியாளா?" குரல் ஏறியது. "அம்பது வள்ளத்துக்கு எஞ்சின் பாத்தவன் நான். நடுக்கடல்ல வச்சி, அலையில ஆடிக்கிட்டே கழத்திப் பூட்டிருக்கேன். சிலுவையக் கூப்பிடு, சிலுவையக் கூப்பிடுன்னு கெடந்தானுவ. இங்கன நான் ஆரு? மீன்காரி மாப்பிள. தண்ணி வந்தா கொடம் வைக்க ஒரு ஆளு. ரெண்டு மணிக்கு ஒன் வண்டி வரும், இன்னிக்காவது கேப்பாளா, இன்னிக்காவது கேப்பாளான்னு..."

"நிறுத்துங்க" என்றாள். "வண்டி வாங்குன மறுநா என்ன நடந்திச்சி, ஞாவகம் இருக்கா?"

அவன் விழித்தான்.

"செயினு தொங்குது, ஒரு கை பாருங்கன்னு ஸ்பானரக் கொண்டாந்து ஒங்க கையில தந்தேன். வாசல்ல விட்டெறிஞ்சிய. 'தெருத்தெருவா மீன் விக்கப் போறவ வண்டிக்கு நட்டு முறுக்கதுக்கா என்னய ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்தே'ன்னு கேட்டிய. இந்தத் தெருவே பாத்துக்கிட்டு நின்னுச்சி. வந்து குடியேறி பத்து நாளு ஆவல. நான் குனிஞ்சி அந்த ஸ்பானரப் பெறக்கிட்டு, சாக்கடையில விழுந்த நட்டத் தேடி எடுத்துட்டு, உருட்டிக்கிட்டே கொண்டு போயி வேற கடையில விட்டேன். அன்னிக்கி நெனச்சேன், எது கேட்டாலும் வண்டியப் பத்தி மட்டும் இவிய கிட்டக் கேக்கக் கூடாதுன்னு."

"நான் அப்பிடியா சொன்னேன்?"

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மூன்று வருசமாக அவள் நெஞ்சில் கிடந்து குத்திய வார்த்தை, சொன்னவனிடத்தில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

"ஒரு கைப்பிள்ள" என்றாள். இப்போது மெதுவாகத்தான் பேசினாள். "பஸ்ஸ விட்டு அதோட தாயி எறங்குதா. அவ சேலைய ஒரசிக்கிட்டுத்தான் வண்டி போச்சி. ஏறிருந்தா என்ன செய்வோம்? நான் ஜெயில்ல இருப்பேன். அங்கனயிருந்து ஒங்ககிட்டக் கேட்டிருப்பனா, இது என்ன சத்தம்னு?"

சிலுவை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கைகளுக்குள்ளிருந்து, "மாதாவே, மாதாவே" என்று மட்டும் கேட்டது.

மகள் ஃபெமினா பாளையங்கோட்டையில் காலேஜ் முடிந்து வந்தாள். வாசலில் பரவிக் கிடந்த சாமான்களையும் அம்மாவின் கையையும் பார்த்துப் பையை அப்படியே போட்டாள். அந்தோணியம்மாள் நாலு வார்த்தையில் சொன்னாள். அந்தப் பெண் அப்பாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"எம்மா... நான் பாத்தேன். ஒரு நாளு காலேஜ் லீவுல, நீ ஒறங்கும்போது, அப்பா கொல்லையில வச்சி இதக் கழத்திக்கிட்டு இருந்தாவ. சரி பண்ணுதாவன்னு நெனச்சேன். பாட்டுப் படிச்சிக்கிட்டே செஞ்சாவம்மா. எத்தன நாளாச்சி அப்பா பாட்டுப் படிச்சி. அதான் ஒங்கிட்டச் சொல்லல."

"சரி பண்ணுதாவன்னு நெனச்சியோ" என்றாள் அந்தோணியம்மாள். உள்ளே போய் சட்டியில் இருந்த பழைய சோற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாள். கதவோரம் உட்கார்ந்தாள்.

"பூட்டுங்க" என்றாள்.

சிலுவை கையை எடுத்தான்.

"எங் கண்ணு முன்னால பூட்டுங்க. புதுச் சுருள் அந்தத் தாளுக்குள்ள இருக்கு."

அவன் தரையில் இறங்கி உட்கார்ந்தான். விறைத்த காலை ஒரு பக்கம் நீட்டி வைத்துக்கொண்டான். மகள் மண்ணெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து வைத்தாள். அவன் முதலில் டிரம்மைக் கழுவினான். கட்டைகளைத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, அடுக்கினான். சுருளின் ஒரு கொக்கியை மாட்டி, மறுமுனையை இழுத்துப் பொருத்த அஸ்கர் இடுக்கியோடு மல்லுக்கட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். சிலுவை ஒரு தையல்நூலை வளையமாகப் போட்டு இழுத்தான். 'டக்' என்று உட்கார்ந்தது. நூலை உருவி எடுத்தான்.

கட்டைகளை டிரம்முக்குள் இறக்கி, சுண்டுவிரலால் சுற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டான். தலையை ஆட்டினான். எடுத்து, ஒரு வாசரை மாற்றி வைத்தான். மறுபடி கேட்டான். அஸ்கர் சாக்கில் போட்டுவிட்டிருந்த கறுப்பு பேக்கிங்கை மூடியில் வைத்து எண்ணெய் தடவி அமுக்கினான். திருகாணிகளை எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். நெற்றி வேர்வை மூக்குநுனியில் வந்து நின்றது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் இருந்தான். கண் சுருங்கி, வாய் லேசாகத் திறந்திருந்தது.

அந்தோணியம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள். கடற்கரையில் பெண் பார்க்க வந்தபோது, யாரோ கூப்பிட்டார்கள் என்று பாதியில் எழுந்துபோய் ஒரு வள்ளத்து எஞ்சினில் குனிந்து நின்ற முகம். கல்யாணத்துக்கு அவள் சம்மதித்ததே அந்த முகத்துக்காகத்தான். இன்றைக்கு அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

எண்ணெய் ஊற்றி, சுவரைப் பிடித்து எழுந்து, நல்ல காலால் கிக்கரை மிதித்தான். வண்டி எடுத்தது. முறுக்கினான், விட்டான். ஒரு கரகரப்பு இல்லை. வாங்கிய நாளில்கூட அது இப்படி ஓடியதில்லை.

"கேட்டியாளா?" என்றான். சிரிக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"கேட்டேன்" என்றாள். எழுந்துபோய்ச் சாவியைத் திருப்பி அணைத்து, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

*

கைக்கட்டு அவிழ ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் மறுபடியும் மீன் விற்க லைனுக்குப் போனாள். இரண்டு மணிக்குச் சிலுவை வாசலில் காத்திருந்தான். தரையைக் கூட்டி, ஒரு சாக்கை விரித்து, ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கியிருந்தான். தெருமுனையில் சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் ஓடும் வண்டிதானே என்று எட்டிப் பார்த்தான். அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். தலையில் காலிப் பெட்டி.

"வண்டி எங்க?"

"மார்க்கெட்ல. செந்தில்முருகன் கடைக் கொட்டகையில நிக்கி. காலம்பர அங்கனதான போவணும்."

மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் ஒன்றரை மைல். பங்குனி வெயில். அவன் கொஞ்ச நேரம் கழித்து ஸ்பானர்களைச் சாக்கில் சுருட்டி உள்ளே வைத்தான்.

மகள் இரண்டு மூன்று தடவை பேசிப் பார்த்தாள். "எம்மா, தவக்காலம். அப்பா கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துட்டாவ. இன்னுமா மன்னிக்கல நீ?"

"மன்னிச்சிட்டேன் மக்ளே. வெறுப்புல நடக்கல. வண்டிய இங்கன நிறுத்திட்டு எனக்கு ஒறங்க முடியல. அதுக்கு நான் என்ன செய்ய?"

நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம் பத்தமடையில் அஸ்கர் வண்டியை மறித்தான். "கொஞ்சம் நில்லுங்கக்கா" என்று, குனிந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டான். முறுக்கச் சொன்னான். விடச் சொன்னான். நிமிர்ந்தபோது முகத்தில் ஆச்சரியம்.

"அவியளே பூட்டுனாவளா?"

"ஆமா."

"யக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன். மனசுல வச்சிக்கிடாதிய. எனக்கு ஒத்தக் கையால வேலையச் சமாளிக்க முடியல. அறுப்பு மிசினு, மோட்டாரு, எல்லாம் வருது. அண்ணாச்சிய இங்கன அனுப்புதியளா? காலு மடங்காட்டா என்ன, உக்காந்து பாக்குற வேலதான். நீங்க வரும்போது பஸ்ல ஏத்தி விட்டிருங்க, பஸ்ஸு நம்ம கடை வாசல்லயே நிக்கும். சம்பளம் கொடுப்பேன். இப்பிடி ஒரு கையி வீட்ல சும்மா இருந்தா வேற என்னத்தச் செய்யும்?"

"சொல்லுதேன் தம்பி" என்றாள்.

அன்றைக்கு வீடுவரை அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தாள். சொன்னால் அவன் முகம், வண்டியைப் பூட்டும்போது இருந்த அந்த முகமாக ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். சந்தோசத்தில் சோற்றைத் தின்னாமல் எழுந்துவிடுவான். அன்றைக்கே சட்டையைத் தேய்க்கச் சொல்லுவான். வீட்டுக்குள் நுழைந்தாள். அவன் தண்ணீர்க் குடங்களை மூடிக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

மறுநாளும் சொல்லவில்லை. குருத்தோலை ஞாயிறு வந்தது. பெரிய வெள்ளி வந்தது. ஈஸ்டர் கழியட்டும் என்று வைத்துக்கொண்டாள். அஸ்கர் இரண்டு தடவை கேட்டான். "யோசிக்காவ" என்று அவனிடம் சொன்னாள். அந்தப் பொய் அவள் வாயிலிருந்து இவ்வளவு எளிதாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வாரம், சித்திரை வெயிலில் தார்ரோடு மினுங்கிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் சேரன்மகாதேவிக்காரன் ஒருவன் பலகைபோட்டு உட்கார்ந்து ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தான். அஸ்கர் அவளைப் பார்த்துக் கை அசைத்தான். அவளும் அசைத்தாள். நிற்காமல் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் சிலுவைக்குச் சோறு வைத்து, நெத்திலிக் குழம்பை ஊற்றினாள். அவன் பிசைந்துகொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"பத்தமடைப் பாயி வண்டியப் பாத்தானா? நான் பூட்டுனதப் பத்தி எதும் சொன்னானா?"

"அவனுக்கு எங்க நேரம்? புதுசா ஒரு ஆள வச்சிருக்கான்."

அவன் கை சோற்றில் நின்றது.

"ஆளு தேடிக்கிட்டு இருந்தானா?"

அந்தோணியம்மாள் குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.